அச்சடித்த மெல்லிய பிலிமால் கோணம் அளக்கலாம்: கொள்ளளவச் சென்சரைப் புதிதாக வடிவமைப்பவர்களுக்கு

காற்றுத் திசைகாட்டி, படகின் சுக்கான், வாய்க்கால் மதகு, சூரியத் தகட்டின் சாய்வு என்று திருகோணமலையில் கோணம் அளக்க வேண்டிய பொருள்களுக்குக் குறைவே இல்லை. கையில் முதலில் அகப்படுவது பொட்டென்சியோமீட்டர். அதற்குள் கார்பன் தடத்தில் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும், தடம் தேயும், முழுச் சுற்றில் ஒரு துண்டு எதையுமே காட்டாது, கடற்கரையில் வைத்தால் உப்பு ஏறி வாசிப்பு குதிக்கத் தொடங்கும். அடுத்தது ஏ.எஸ்.5600 போன்ற காந்த சிப். அச்சின் நுனியில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு நேரே சிப், ஒரு சுற்றை 4096 படியாகப் பிரித்துத் தரும். அச்சின் நுனி உங்களுக்குக் கிடைக்குமென்றால் அதையே வாங்குங்கள், மலிவு, நல்ல சாமான். நுனி கிடைக்காத இடங்கள் வேறு: இரண்டு பக்கமும் அடைபட்ட சுக்கான் தண்டு, நடுவால் கேபிள் போகும் குழாய், கொம்பாஸுக்குப் பக்கத்தில் காந்தமே வைக்கக் கூடாத இடம். அங்கேதான் பிளாஸ்டிக் தாளில் மின்கடத்தும் மையால் அச்சடித்த நாலு பட்டைகள் உதவுகின்றன, குழாயின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறை புதிதொன்றும் இல்லை. கடையில் வாங்கும் மலிவான டிஜிட்டல் வேர்ணியருக்குள் இருப்பதும் கொள்ளளவப் பட்டைகள்தான். அது ஈரப்பட்டால் கண்டபடி இலக்கம் காட்டும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒரு பலவீனத்தை மனதில் வைத்துக்கொண்டே நாங்கள் எல்லாவற்றையும் வரையப் போகிறோம்.

என்ன நடக்கிறது

உயர்தரப் பௌதிகத்தில் படித்ததுதான். எதிரெதிரே நிற்கும் இரண்டு தகடுகளின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு), அவை ஒன்றையொன்று மூடும் பரப்புக்கு நேர்விகிதம், இடைவெளிக்கு நேர்மாறு. காற்றில் 1 சதுர மில்லிமீற்றர் பரப்பு, 1 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் 0.00885 பிகோஃபரட் வரும். சுற்றும்போது பரப்பு மாறினால் கொள்ளளவம் மாறும், அதை அளந்தால் கோணம் தெரியும்.

ஆனால் ஒரே ஒரு சோடித் தகட்டை வைத்து "இத்தனை பிகோஃபரட் என்றால் இத்தனை பாகை" என்று அட்டவணை போடாதீர்கள். வாடைக் காலத்தில் ஒரு எண், கச்சான் காற்று அடிக்கும்போது வேறு எண், காலையில் பனி இறங்கினால் இன்னொன்று என்று வரும். உப்புக் காற்றில் தனி எண்ணை நம்ப முடியாது. எதிரெதிர் பட்டைகளின் வித்தியாசத்தையும், இரண்டு வித்தியாசங்களின் விகிதத்தையும் நம்பலாம், ஏனென்றால் இடைவெளி விரிந்தாலும் ஈரம் கூடினாலும் எல்லாப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மாறும், விகிதம் எடுக்கும்போது அது தன்பாட்டில் கழிந்துபோகும். முழு வடிவமைப்பும் இதற்காகத்தான். விலைகூடிய சிப் தேடி நேரம் செலவழிப்பதற்கு முன் வரைபடத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

வரைதல்

எடுத்துக்காட்டாக ஒரு காற்றுத் திசைகாட்டியை வைத்துக்கொள்வோம். வெளியே அசையாத பி.வி.சி குழாய், அதன் உள்சுவரில் நாலு பட்டைகள் அச்சடித்த பிலிம், இதுதான் ஸ்டேட்டர். உள்ளே அச்சோடு சேர்ந்து சுற்றும் சின்னக் குழாய், அதன் வெளிப்புறத்தில் கிரவுண்ட் செய்த உலோகத் தாள், இது ரோட்டர். பட்டைகளுக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பெயர் வையுங்கள். பிறகு புரோகிராம் எழுதும்போது குழப்பம் வராது.

பட்டைகள் நாலும் சாதாரண செவ்வகங்கள். மாயமெல்லாம் ரோட்டர் தாளின் மேல் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பின் உயரம் கோசைன் அலையாக ஏறி இறங்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பட்டையின் கொள்ளளவமும் கோணத்தோடு சுத்தமான கோசைனாக மாறும். பாதிச் சுற்றை மூடும் நீள்சதுரத் தாளை ஒட்டினாலும் ஏதோ ஒரு சிக்னல் வரும், ஆனால் அது ஏறும், தட்டையாக நிற்கும், இறங்கும், மூலைகளில் கோணக் கணக்கு கோணலாகும். கோசைன் விளிம்பை வரைய அஞ்ச வேண்டாம். ஒரு குழாயைச் சாய்வாக அறுத்தால் அந்த வெட்டு, குழாயின் தோலை விரித்துப் பார்க்கும்போது, சரியான கோசைன் வளைவுதான்.

இனி அளவுகள். வெளிக்குழாயின் உள்விட்டம் 45 மில்லிமீற்றர், ரோட்டரின் வெளிவிட்டம் 42 என்று எடுத்தால் இடைவெளி சுமார் 1.5 மில்லிமீற்றர். உங்கள் குழாயை வேர்ணியரால் அளந்து பாருங்கள், கடையில் சொல்லும் அளவு வெளிவிட்டம், உள்விட்டம் குழாயின் தரத்தைப் பொறுத்து மாறும். 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிலிம் என்றால் அதன் நடுத்தளத்தின் விட்டம் 44.9, ஆகவே வெட்ட வேண்டிய நீளம் 141 மில்லிமீற்றர். பட்டை ஒவ்வொன்றும் 34.3 அகலம், 40 உயரம், இடையில் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வெறுமை. பட்டை சரியாக 90 பாகை இருக்க வேண்டும் என்றில்லை, நாலும் ஒரே அளவில் இருப்பதே முக்கியம். பிலிமின் இரண்டு நுனிகளும் சந்திக்கும் மூட்டு ஒரு வெறுமைக்குள் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டர் தாளை அச்சடிக்கவே தேவையில்லை, செப்பு ஒட்டுநாடா போதும். 132 மில்லிமீற்றர் நீளமான காகிதப் பட்டையில் 16.5 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாக எட்டுப் பங்கு போடுங்கள். பட்டைகளின் கீழ் விளிம்பிலிருந்து அளந்தால் உயரங்கள் இப்படி வரும்: 36, 31.3, 20, 8.7, 4, திரும்ப 8.7, 20, 31.3. புள்ளிகளை வளைவாக இணைத்து வெட்டினால் அதுதான் வார்ப்புரு. தாளின் அடிப்பக்கத்தைப் பட்டைகளின் கீழ் விளிம்பையும் தாண்டி இன்னும் 10 மில்லிமீற்றர் இறக்கி ஒட்டுங்கள். அச்சு மேலும் கீழும் கொஞ்சம் ஆடினால் நாலு பட்டைகளிலும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும், வித்தியாசத்தில் அது காணாமல் போய்விடும்.

இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பட்டையின் கொள்ளளவம் சுமார் 4 பிகோஃபரட்டைச் சுற்றி 2.9 மேலும் கீழும் ஆடும். எதிர்ப்பட்டையைக் கழித்தால் வித்தியாசம் −5.8 முதல் +5.8 வரை போகும். செங்குத்தாக மாறும் இடத்தில் ஒரு பாகைக்கு 0.1 பிகோஃபரட் கிடைக்கும். கொள்ளளவத்தை அளந்து எண்ணாகத் தரும் எஃப்.டி.சி.1004 சிப்பின் பிரிதிறன் 0.5 பெம்டோஃபரட் (ஒரு பிகோஃபரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பெம்டோஃபரட்), அதாவது ஒரு பாகையின் சிக்னல் அதைவிட இருநூறு மடங்கு பெரிது. மின் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் ஒரு பாகைக்குக் கீழே வசதியாக அளக்கலாம்.

இடைவெளியை 0.3 ஆகக் குறைத்தால் சிக்னல் ஐந்து மடங்காகுமே என்று தோன்றும். கடற்கரையில் அதைச் செய்யாதீர்கள். நீரின் டைஎலெக்ட்ரிக் மாறிலி, அதாவது காற்றோடு ஒப்பிட்டால் கொள்ளளவம் எத்தனை மடங்காகும் என்ற எண், சுமார் 80, ஒரு துளி இடைவெளியை நிரப்பினாலே கணக்கு போச்சு. 1.5 மில்லிமீற்றரில் துளி சுவரில் ஒட்டி வழிந்து போகவாவது இடமிருக்கும். பரப்பைக் கூட்டிச் சிக்னலைக் கூட்டுங்கள், இடைவெளியைக் குறைத்து வேண்டாம்.

ஷீல்ட்: மெல்லிய பிலிம் காலை வாரும் இடம்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஆகவே இதை நிதானமாக வாசியுங்கள். பட்டைகளின் முதுகுப்பக்கத்தை மறைக்காவிட்டால் குழாயின் வெளியே கை வைத்தாலே, மழைநீர் வழிந்தாலே வாசிப்பு மாறும். அதற்குத்தான் ஷீல்ட். எஃப்.டி.சி.1004 இல் ஷீல்டுக்கென்று இரண்டு முனைகள் இருக்கின்றன, பட்டையில் என்ன மின்னழுத்தம் ஆடுகிறதோ அதே ஆட்டத்தை ஷீல்டுக்கும் அவை கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஆடுவதால் இடையில் மின்னோட்டம் இல்லை, ஷீல்ட் அங்கே இருப்பதே பட்டைக்குத் தெரியாது.

சரி, வளையும் பிளாஸ்டிக் தாளில் செப்புத் தடம் போட்ட இரண்டு அடுக்கு நெகிழ் சர்க்கிட் ஓடர் பண்ணி, முன்னால் பட்டை, பின்னால் ஷீல்ட் என்று போட்டால் அழகாக முடியுமே என்று நினைப்போம். கணக்கைப் பாருங்கள். நெகிழ் சர்க்கிட்டின் நடுவிலுள்ள பொலிஇமைட் என்ற பிளாஸ்டிக் பல இடங்களில் 25 மைக்ரோன் தடிப்புத்தான், டைஎலெக்ட்ரிக் மாறிலி சுமார் 3.4. நம் பட்டையின் பரப்பு 1372 சதுர மில்லிமீற்றர். பட்டைக்கும் ஷீல்டுக்கும் இடையில் வருவது ஏறக்குறைய 1650 பிகோஃபரட். நாலுக்கும் சேர்த்து 6000 தாண்டும். நாங்கள் தேடும் சிக்னலோ 3 பிகோஃபரட். அந்த சிப்பின் ஷீல்ட் முனை தாங்கும் சுமை 400 பிகோஃபரட் வரைதான். ஷீல்டின் ஆட்டம் பட்டையின் ஆட்டத்தோடு ஆயிரத்தில் ஒரு பங்கு ஒத்துப்போகாவிட்டாலே 1.6 பிகோஃபரட் பொய்யாக வந்து நிற்கும், அதுவும் வெப்பத்தோடு மாறிக்கொண்டிருக்கும். போதாததற்கு பொலிஇமைட் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும்.

தீர்வு வெகு எளிது. பிலிமில் ஒரே ஒரு அடுக்கு போதும். ஷீல்டைக் குழாயின் வெளிச்சுவரில் செப்பு நாடாவால் சுற்றுங்கள். இடையில் 2 மில்லிமீற்றர் பி.வி.சி இருந்தால் பட்டைக்கு ஏறக்குறைய 18 பிகோஃபரட்தான் வரும், நாலுக்கும் சேர்த்து 75 ஐத் தாண்டாது. அப்புறம் அதன் மேல் ஒரு வெப்பச்சுருக்கக் குழாயைப் போட்டு மூடிவிடுங்கள். ஒரே அடுக்கு என்பதால் அச்சடிக்கும் வேலையும் பாதியாகிறது.

பட்டைகளிலிருந்து வால் (சிப்புக்குப் போகும் பிலிமின் ஒடுங்கிய நுனி) வரை ஓடும் தடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். தடங்களைப் பட்டைகளின் கீழ்ப்பக்கமாக ஓட்டுங்கள், மேல்ப்பக்கமாக வேண்டாம். கீழே ரோட்டர் தாள் முழுச்சுற்றும் மூடியிருப்பதால் தடங்கள் எடுக்கும் கொள்ளளவம் கோணத்தோடு மாறாது, ஒரு மாறிலியாக நிற்கும், அளவுத்திருத்தத்தில் கழிந்துவிடும். மேலே விளிம்பு வந்து வந்து போகும், அங்கே ஓடும் தடம் தானும் ஒரு சின்னச் சென்சராகிவிடும். தடங்களுக்கு இடையில் ஷீல்டோடு இணைந்த மெல்லிய கோடுகளை விடுங்கள். வால் 10 சென்ரிமீற்றருக்கு மேல் போகவேண்டாம், சிப்பைக் குழாயின் பக்கத்திலேயே வையுங்கள்.

அச்சடித்தல்

இரண்டு வழிகள். ஒன்று, கீகேட் என்ற சர்க்கிட் வரையும் மென்பொருளில் வரைந்து செப்பு நெகிழ் சர்க்கிட்டாகவே வெளிநாட்டில் ஓடர் கொடுப்பது. அளவு துல்லியமாக வரும், பற்றவைக்கலாம், மேலே ஒரு காப்புத்தாளும் ஒட்டியே அனுப்புவார்கள். தங்க முலாம் பூசச் சொல்லுங்கள், உப்புக் காற்றில் வெறும் செப்பு பச்சை பிடித்துவிடும்.

மற்றது எனக்கு அதிகம் பிடித்த வழி: ஸ்கிரீன் பிரிண்டிங். கலியாண அட்டையும் டீசேட்டும் அடிக்கும் அதே சட்டம், அதே ரப்பர் இழுவை. மை மட்டும் வெள்ளிப் பசை, தாள் 100 மைக்ரோன் பி.இ.டி பிலிம். அடித்த பிறகு பசை தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் காய வேண்டும், பெரும்பாலும் 120 பாகை செல்சியசுக்குக் கிட்ட. பி.இ.டி அந்தச் சூட்டில் கொஞ்சம் சுருங்கும், ஆகவே வெறும் பிலிமை ஒருமுறை சூடாக்கி ஆறவிட்டு அதன் பின் அடியுங்கள்.

மையின் தடை கூடிவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. சிப் பட்டையை 25 கிலோஹேர்ட்ஸில் ஆட்டுகிறது. 1000 ஓம் தடையும் 20 பிகோஃபரட்டும் சேர்ந்தால் நேர மாறிலி 20 நானோசெக்கன், ஆட்டத்தின் ஒரு சுற்றோ 40 மைக்ரோசெக்கன். ஆகவே கார்பன் மைகூடத் தாராளமாகப் போதும். வெள்ளிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஈரத்தில், மின்னழுத்தம் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு இடையே வேர் விட்டதுபோல் படர்ந்து இணைத்துவிடும். அதனால்தான் சவ்வுச் சுவிட்சு செய்பவர்கள் வெள்ளிக்கு மேல் கார்பன் மையை ஒருமுறை பூசுகிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிலிமை அச்சடித்த பக்கம் உள்ளே பார்க்கும்படி குழாய்க்குள் சுருட்டி விடுங்கள். இந்த வளைவில் மை 0.2 சதவீதம் அளவுக்கு நெருக்கப்படுமே தவிர இழுபடாது, வெடிக்கும் பயம் குறைவு. வாலை மடிக்கும் இடத்திலும் கூரான மடிப்பு வேண்டாம், ஒரு பென்சில் தடிப்புக்காவது வளைவு இருக்கட்டும். அப்புறம் முழுப் பிலிமுக்கும் மேல் லேமினேட் தாள் ஒன்றோ அக்ரிலிக் பூச்சோ கட்டாயம்.

பொருத்துதலும் வயரிங்கும்

அச்சுக்கு 8 மில்லிமீற்றர் ஸ்டீல் கம்பியும் 608 பெயரிங் இரண்டும் சரி. மூடிகளை லேத்தில் கடையக் கொடுக்கும்போது பெயரிங் குழியும் குழாய் உட்காரும் படியும் ஒரே பிடியில் கடைய வேண்டும் என்று சொல்லுங்கள். படகு இயந்திரங்களுக்கு வேலை செய்யும் லேத்காரருக்கு இது விளங்கும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அச்சு ஸ்டேட்டரின் மையத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீற்றர் விலகினாலே நம் அளவுகளில் ஐந்து பாகை வரை பிழை வரும்.

ரோட்டர் தாள் கிரவுண்டோடு நன்றாக இணைய வேண்டும். பெயரிங் வழியாகவே இணைந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், உள்ளே கிரீஸ் ஒரு காவலி, சுற்றும்போது தொடுப்பு விட்டுவிட்டு வரும். தாளிலிருந்து அச்சுக்கு ஒரு நாக்கைப் பற்றவைத்து, அச்சின் அடியில் பொஸ்பர் வெண்கலத் தகடு ஒன்றை வில்லாக அழுத்தி வையுங்கள்.

சிப்பை மொடியூலாக வாங்குங்கள், கால்கள் 0.5 மில்லிமீற்றர் இடைவெளியில் இருப்பதால் கையால் பற்றவைப்பது சிரமம். 3.3 வோல்ட், ஐ-டு-சி (I2C) தரவு இரண்டு வயர், ஈ.எஸ்.பி.32 மைக்ரோகொன்ட்ரோலருடன் நேரே பேசும். செக்கனுக்கு 100 அளவீடு என்று வைத்தால் நாலு பட்டைகளையும் சுற்றிவர செக்கனுக்கு 25 தரம் முழு வாசிப்பு கிடைக்கும், காற்றுக்கு அது தாராளம். வரும் 24 பிட் எண்ணை 524288 ஆல் வகுத்தால் பிகோஃபரட். நாலு பட்டைகளையும் தனித்தனியே வாசித்துக் கழித்தலைப் புரோகிராமில் செய்யுங்கள். சிப்பே கழித்துத் தரும் வசதி இருந்தாலும் அதில் கூட்டுத்தொகை கிடைக்காது, கூட்டுத்தொகை எதற்கு என்று கீழே வருகிறது.

அளவுத்திருத்தம்

ரோட்டரை வைக்கும் முன் நாலு பட்டைகளையும் வெறுமனே வாசியுங்கள். குழாயை வெளியிலிருந்து கையால் பிடித்துப் பாருங்கள், எண் அசையக் கூடாது. அசைந்தால் ஷீல்ட் எங்கோ விட்டிருக்கிறது, அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு ரோட்டரைப் போட்டு மெதுவாகச் சில சுற்றுச் சுற்றுங்கள். கிழக்கு − மேற்கு வித்தியாசத்தை ஒரு அச்சிலும் வடக்கு − தெற்கு வித்தியாசத்தை மற்ற அச்சிலும் வரைந்தால் வட்டம் வர வேண்டும். இந்த வட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வட்டத்தின் மையம் பூச்சியத்திலிருந்து தள்ளியிருந்தால் அச்சு மையம் விலகியிருக்கிறது, அல்லது தடங்களின் நீளம் சமமில்லை. முட்டை வடிவமாக இருந்தால் ஒரு சோடிப் பட்டை மற்றச் சோடியைவிடப் பெரிது. ஓரங்கள் தட்டையானால் ரோட்டர் விளிம்பு பட்டையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிறது. வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் கிரவுண்ட் தொடுப்பைப் பாருங்கள்.

ஒவ்வொரு வித்தியாசத்தின் கூடிய பெறுமதியையும் குறைந்த பெறுமதியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையம் வரும், அதைக் கழியுங்கள். பிறகு வீச்சால் வகுத்து, இரண்டு எண்களிலிருந்து கோணம் தரும் ஏடான்2 (atan2) சார்புக்கு முதலில் கிழக்கு − மேற்கு, அடுத்ததாக வடக்கு − தெற்கு என்று கொடுத்தால் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகை கிடைக்கும். மேலே சொன்ன மைய விலகல் பிழையின் பெரும்பகுதி இந்தக் கழித்தலிலேயே போய்விடும். ரோட்டர் தாளின் உயரமான பக்கம் காற்றுக் காட்டியின் மூக்குப் பக்கம் இருந்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்பதே நேராக வரும்.

சராசரி எடுப்பதைக் கோணத்தில் செய்யாதீர்கள். 359 பாகைக்கும் 1 பாகைக்கும் சராசரி 180 என்று வரும், வடக்கிலிருந்து அடிக்கும் காற்றைத் தெற்கென்று காட்டும். இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியே சராசரி எடுத்து, கடைசியில் கோணமாக்குங்கள்.

ஈரமும் உப்பும்

நாலு பட்டைகளின் கூட்டுத்தொகை கோணம் எதுவானாலும் மாறக் கூடாது, நம் அளவுகளில் 16 பிகோஃபரட்டும் தடங்களின் பங்கும். அதை எப்போதும் பதிவு செய்யுங்கள். திடீரென்று ஏறினால் உள்ளே தண்ணீர், வெகுவாக விழுந்தால் கிரவுண்ட் தகடு விட்டுப்போச்சு. கோணம் பொய்யா மெய்யா என்று சென்சரே சொல்வது இதனால்தான், நிலாவெளிக் கரையில் கம்பத்தின் உச்சியில் வைத்த சாமானுக்கு ஏறி ஏறிப் பார்க்க முடியாதே.

குழாயை முற்றாக அடைக்க முயலாதீர்கள். பகலில் சூடாகி வெளியேறும் காற்று இரவில் குளிர்ந்து ஈரத்தோடு திரும்ப உள்ளே வரும், வந்த ஈரம் போக வழியிருக்காது. அடியில் ஒரு 4 மில்லிமீற்றர் துளை, மேலே குடைபோல் இறங்கும் மூடி, குழாய் நிமிர்ந்த நிலையில். வாடை முடிந்ததும் ஒருதரம் திறந்து நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டால் உப்புப் படலம் போய்விடும்.

சுக்கானுக்கு என்றால்

படகின் சுக்கான் முழுச்சுற்றுச் சுற்றாது, இரு பக்கமும் 35 பாகைக்குக் கிட்டத்தான். அந்தச் சலுகையைப் பயன்படுத்தி நாலுக்குப் பதில் எட்டுப் பட்டைகள் அச்சடியுங்கள். நேரெதிரே நிற்கும் பட்டைகளைச் சோடியாக வால் பக்கத்தில் இணைத்துவிட்டால் திரும்பவும் நாலு வயர்தான், அதே சிப், அதே புரோகிராம். ரோட்டர் விளிம்பு ஒரு சுற்றில் இரண்டு தரம் ஏறி இறங்க வேண்டும், ஆகவே காகிதப் பட்டையை இரண்டாக மடித்து ஒரே வளைவை வெட்டுங்கள். கடைசியில் வரும் கோணத்தைப் பாதியாக்க வேண்டும். தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பட்டையில் கூடுவது எதிர்ப்பட்டையில் ஏறக்குறைய அதே அளவு குறையும், இரண்டும் இணைந்திருப்பதால் பிழை பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். தேய்ந்த புஷ்ஷோடு ஓடும் பழைய பைபர் படகுகளுக்கு இந்த அமைப்பைத்தான் சொல்வேன். தண்டைக் கழற்றாமலே பூட்டலாம்: வெளிக்குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிலிமின் மூட்டை அந்தப் பிளவில் வரவிட்டு, இரண்டு பாதிகளையும் தண்டைச் சுற்றிச் சேர்த்து ஸ்டீல் கிளிப்பால் இறுக்குங்கள்.